காலிமுகத்திடல்: பீரங்கிக்காக வெட்டவெளியான நிலம், மக்களின் கடற்கரையான கதை

வெள்ளவத்தையிலிருந்தோ பம்பலப்பிட்டியிலிருந்தோ 100, 101 இலக்க பஸ்ஸில் கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், காலி வீதியில் போகும்போது கடல் அருகில் இருந்தும் கண்ணில் படாது. ஒவ்வொரு குறுக்குத் தெருவின் முடிவிலும் ஒரு கீற்றாகத் தெரிந்து மறையும். அந்தத் தெருக்களில் இறங்கி நடந்தாலும் கடலுக்கும் நமக்கும் நடுவே கரையோர ரயில் பாதை குறுக்கிடும். கொழும்பின் தென்பகுதி முழுக்க இதுதான் நிலை. கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் ரயில் பாதை உள்ளே வளைந்து கொம்பனித்தெருப் பக்கமாகப் போய்விடுகிறது. அந்த வளைவு விட்டுக்கொடுத்த இடத்தில், பழைய காலிமுக ஹோட்டலைக் கடந்த மறுகணம், இடது பக்கம் முழுவதும் கடல். தலைநகரில் வேலி, தண்டவாளம், நுழைவுச் சீட்டு எதுவும் இல்லாமல் ஒரு குடும்பம் கடலைப் பார்த்தபடி உட்காரக்கூடிய இடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காலிமுகத்திடல்தான்.

இன்று எஞ்சியிருக்கும் புல்தரை ஏறக்குறைய ஐந்து ஹெக்டேயர். வடக்கு தெற்காக அரைக் கிலோமீற்றர் நீளம். வடக்கு முனையில் பழைய நாடாளுமன்றக் கட்டடம், இப்போதைய ஜனாதிபதி செயலகம். தெற்கு முனையில் 1864 இல் தொடங்கப்பட்ட காலிமுக ஹோட்டல். கிழக்கே வீதியும் அதற்கப்பால் வரிசையாக நட்சத்திர ஹோட்டல்களும். பூங்கா என்ற சொல்லுக்கு நாம் எதிர்பார்க்கும் மரமோ பூச்செடியோ இங்கே அநேகமாக இல்லை. அதற்குக் காரணம் தோட்டக்காரரின் கவனக்குறைவு அல்ல. இந்த நிலம் முதலில் வெறுமையாக்கப்பட்டதே மனிதரைச் சுடுவதற்காக.

கோட்டையின் சுடுகளம்

1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், கோட்டையைச் சுருக்கி இறுக்கிக் கட்டினார்கள். கோட்டைக்குத் தெற்கே, கொள்ளுப்பிட்டிக் கிராமம் வரை இருந்த நிலத்தைத் திறந்தவெளியாக வைத்திருந்தார்கள். தெற்கிலிருந்து யார் வந்தாலும் மறைந்துகொள்ள ஒரு மரம்கூட இருக்கக்கூடாது என்பது கணக்கு. கிழக்கே பேர வாவி, மேற்கே கடல், நடுவில் பீரங்கிகளுக்கு நேரான வெட்டவெளி. அந்நாளில் திடல் இன்றிருப்பதைப் போலப் பல மடங்கு பெரியது, வாவியின் கரைவரை விரிந்து கிடந்தது.

பெயர் விடயத்தில் ஒரே முடிவு இல்லை. கோட்டையின் தெற்கு வாசல் காலி நகருக்கான பாதையை நோக்கி இருந்ததால், காலியை நோக்கிய முகப்பு என்ற பொருளுள்ள ஒல்லாந்தச் சொல் ஆங்கிலத்தில் திரிந்தது என்பது ஒரு விளக்கம். கரையோரப் பாறைகளைக் குறிக்கும் சிங்களப் பெயர் ஒன்றிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. தமிழில் நாம் அதை அப்படியே மொழிபெயர்த்து 'காலிமுகம்' ஆக்கிக்கொண்டோம். காலி நகரமோ நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. தமிழ்க் காதுக்குக் 'காலியான இடம்' என்றும் கேட்கும். வரலாற்றுக்கு அது ஒன்றும் பொருந்தாத கேள்வியல்ல.

1796 இல் கொழும்பு பிரித்தானியர் கைக்கு வந்த பிறகு அந்தப் பீரங்கிகளுக்கு வேலை குறைந்தது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், இங்கே குதிரைப் பந்தயம் ஓடத் தொடங்கியது. கண்டி வீதியை அமைத்தவரும் இதே பார்ன்ஸ்தான். பின்னர் கிரிக்கெட், ரக்பி, கோல்ப் என்று வெள்ளையரின் மாலைப் பொழுதுகள் எல்லாம் இந்தத் திடலில் கழிந்தன. றோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879 இல் இங்கேதான் பிறந்தது. அதே ஆண்டில்தான் இன்று 'பெரும் சமர்' என்று கொண்டாடப்படும் றோயல் - தோமியன் கிரிக்கெட் போட்டியின் முதல் ஆட்டமும் இங்கு நடந்தது. கொழும்பு அக்கடமி என்று அப்போது அழைக்கப்பட்ட றோயல் கல்லூரியின் பையன்கள் பேர வாவியில் படகு வலித்து ஆட்டத்துக்கு வந்தார்கள் என்பது அந்தப் பாடசாலைகளில் இன்றும் சொல்லப்படும் கதை. அந்த ஆடுகளம் இருந்த இடத்தில் இன்று தாஜ் சமுத்ரா ஹோட்டல் நிற்கிறது. குதிரைகள் 1893 இல் கறுவாத்தோட்டத்துப் புதிய பந்தயத் திடலுக்கும், கோல்ப் ஆட்டம் 1896 இல் பொரளைப் பக்கத்துக்கும் இடம்பெயர்ந்தன.

வார்ட் விட்டுச்சென்ற கல்

திடலைப் பூங்காவாக நினைத்த முதல் ஆட்சியாளர் சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட். 1855 முதல் 1860 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். கடலோரமாக நடைபாதை ஒன்றை அமைக்கும் வேலையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். வேலை முடிந்ததும் கரையோரத்தில் ஒரு கல்வெட்டை நட்டார். கொழும்பின் சீமாட்டிகளினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இந்த நடைபாதையைப் பேணும்படி தனக்குப் பின் வருகிற தேசாதிபதிகளிடம் அது கேட்டுக்கொள்கிறது. கல் இன்றும் இருக்கிறது. மாலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடலை வாங்கித் தின்கிறார்களே தவிர வாசிப்பதில்லை.

அந்தக் கல்லை இரண்டு விதமாக வாசிக்கலாம். வார்ட் மனதில் இருந்த 'சீமாட்டிகள்' யார் என்பதில் பெரிய சந்தேகம் இருக்க முடியாது. புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு இடுப்பில் பிள்ளையுடன் கொம்பனித்தெருவிலிருந்து நடந்து வந்த பெண் அல்ல. ஆனால் கல்லில் எழுதும்போது அவர் நிறத்தையோ இனத்தையோ எழுதவில்லை. ஊரின் பெயரை மட்டும் எழுதினார். அப்படி எழுதியதால், அவர் நினைத்துப் பார்த்திராதவர்களுக்கும் அது உரிமைப் பத்திரம் ஆகிவிட்டது. வார்ட் அந்த நடைபாதையில் அதிக நாள் உலாவவும் இல்லை. 1860 இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக மாற்றப்பட்டு, போன சில வாரங்களிலேயே அங்கே வாந்திபேதியில் இறந்துபோனார்.

1869 இல் கோட்டை மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். சுடுகளம் என்ற பழைய காரணம் அத்துடன் முடிந்தது. அதன்பிறகு திடலின் வரலாறு பெரும்பாலும் சுருங்குகிற வரலாறுதான். வாவிப் பக்கமிருந்து ஒவ்வொரு துண்டாகப் போனது. கொழும்புக் கிளப், இராணுவத் தலைமையகம், வீதிகள், ஹோட்டல்கள். முதலாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுத்தூணும் இங்கே இருந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்களுக்கு அது அடையாளம் காட்டிவிடும் என்ற பயத்தில் கழற்றிக் கொண்டுபோய் விக்டோரியா பூங்காவில், அதாவது இன்றைய விகாரமகாதேவிப் பூங்காவில், நிறுத்தினார்கள். அது திரும்பி வரவேயில்லை.

1956 ஜூன் 5

வடக்கு முனையின் தூண்கள் வைத்த கட்டடம் 1930 இல் சட்டசபைக்காகத் திறக்கப்பட்டது. பிறகு அரச சபை, அதன்பின் நாடாளுமன்றம். 1982 இல் நாடாளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போகும்வரை ஆட்சி நடந்த இடம் இதுதான். ஆகவே கோரிக்கையுடன் வருகிறவர்கள் கூடுவதற்கு இந்தத் திடலைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இருக்கவில்லை. 1953 இல் அரிசி விலையேற்றத்துக்கு எதிராக இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு ஆள் திரட்டியதும் இங்கேதான்.

தமிழர்களுக்கு இந்தத் திடலின் தேதி 1956 ஜூன் 5. அன்று தனிச் சிங்களச் சட்டமூலத்தைப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதிநிதிகள் சபையில் முன்வைத்தார். அதே காலையில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் நாடாளுமன்றத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருக்க வந்தார்கள். சில நூறு பேர்தான். நாடாளுமன்ற வளவை அணுக முடியாதபடி பொலிஸார் தடுத்திருந்ததால் திடலின் புல்தரையில் அமர்ந்தார்கள். அங்கே திரண்டிருந்த கும்பல் அவர்களைத் தாக்கியது. அடித்தார்கள், கல்லெறிந்தார்கள், சிலரைத் தூக்கிப் பேர வாவிக்குள் வீசினார்கள். பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடிபட்டவர்கள் திருப்பி அடிக்கவில்லை. வட்டுக்கோட்டைத் தொகுதியிலிருந்து அந்த ஆண்டுதான் முதன்முறையாகத் தெரிவாகியிருந்த அ. அமிர்தலிங்கம் தலையில் காயத்துடனும் கட்டுடனும் சபைக்குள் போனார்.

வன்முறை திடலுடன் நிற்கவில்லை. கொழும்பில் தமிழர் கடைகள் தாக்கப்பட்டன. அடுத்த நாட்களில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூன் நடுப்பகுதியில் சட்டமூலம் 56 க்கு 29 என்ற வாக்குகளில் சபையில் நிறைவேறியது. ஜூலையில் சட்டமானது. சுதந்திர இலங்கையில் தமிழர்களின் அமைதிவழிப் போராட்டமொன்று தலைநகரில் கும்பல் வன்முறையால் கலைக்கப்பட்ட முதல் இடம் என்று இந்தப் புல்தரையைச் சொல்லலாம்.

இதைக் குறிக்க அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது. இருப்பது பண்டாரநாயக்கவின் வெண்கலச் சிலை. அரசியல்வாதிகளுக்கு ஊரெங்கும் சிலை இருக்கிறதுதான். ஆனாலும் அந்த மனிதருக்கு அந்தத் திடலில் என்பது, கதை தெரிந்தவர்களுக்குச் சற்று உறுத்தும்.

அதற்குப் பின் திடல் பெரும்பாலும் அரசின் மேடையாக இருந்தது. 1978 பெப்ரவரி 4 இல் ஜே.ஆர். ஜயவர்தன நாட்டின் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்தது இங்கே. போர்க் காலத்தில் இது பாதுகாப்பு வளையத்தின் விளிம்பு. ஒரு பக்கம் இராணுவத் தலைமையகம், மறுபக்கம் ஜனாதிபதி செயலகம். வெளிநாட்டு விசாவுக்காகவோ வைத்தியத்துக்காகவோ வடக்கு கிழக்கிலிருந்து வந்து புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களுக்கு, பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப்பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே கடல்காற்று. 2009 ஜூன் 3 இல் போர் வெற்றியின் இராணுவ அணிவகுப்பு இந்த வீதியில்தான் நடந்தது. வன்னியிலிருந்து வெளியேறிய கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் அப்போது முட்கம்பி வேலிக்குள் முகாம்களில் இருந்தார்கள்.

நியாயமாக, வேறு நினைவுகளையும் சொல்ல வேண்டும். யோசப் வாஸ் அடிகளாரை 1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அருளாளராக அறிவித்ததும், 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியதும் இதே திடலில்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழும் சிங்களமும் கற்று ஊழியம் செய்தவர் வாஸ். ஒல்லாந்தரின் சுடுகளத்திலேயே அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்ததை யாராவது அன்று பிரசங்கத்தில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2016 பெப்ரவரி 4 சுதந்திர தின நிகழ்வில், பல தசாப்தங்களுக்குப் பிறகு, தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டதும் இங்கே. 2020 இல் சுதந்திர சதுக்கத்தில் நடந்த நிகழ்வில் அது மீண்டும் விடுபட்டது. நோன்புப் பெருநாள் காலைகளில் முஸ்லிம்கள் கூட்டுத் தொழுகைக்கு இங்கே அணிவகுக்கிறார்கள். அரசு மேடை போடாத நாட்களில் திடல் இப்படித்தான் சும்மா எல்லோருக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வழக்கு இலக்கம் 47/2004

காலிமுகத்திடலைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகள் எதிலும் இது வராது. ஆனால் இன்று நாம் அங்கே இலவசமாக உட்கார முடிகிறதென்றால் அதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

2000களின் தொடக்கத்தில், திடலை ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்து பெரிய பொழுதுபோக்கு வளாகமாக்கும் திட்டம் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. சுற்றாடல் மன்றம் என்ற சட்ட நடவடிக்கை அமைப்பு, அந்த உடன்படிக்கையில் என்ன இருக்கிறது என்று நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டது. அதிகார சபை தகவல் தர மறுத்தது. அமைப்பு அடிப்படை உரிமை மனுவுடன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

2005 நவம்பர் 28 இல் வந்த தீர்ப்பு இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, பொதுமக்களுக்கென்று இருக்கிற திடலை இப்படித் தனியாரிடம் கையளிக்க அதிகார சபைக்கு அதிகாரமில்லை என்றது. மற்றது இன்னும் தூரம் போனது. தகவல் அறியும் உரிமை அன்று நம் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கவில்லை. பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்பாட்டையும் உறுதிசெய்யும் 14(1)(அ) உறுப்புரைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், பொது விடயங்களில் தகவல் பெறும் உரிமையும் அதற்குள் அடங்க வேண்டும் என்று நீதிமன்றம் கண்டது. பத்து ஆண்டுகள் கழித்து 2015 இல் 19ஆவது திருத்தத்தின் மூலம் அந்த உரிமை வெளிப்படையாகவே அரசியலமைப்பில் சேர்ந்தது. 2016 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலுக்கும், பாதுகாப்புத் தரப்பின் வசமுள்ள காணிகளின் விபரத்துக்கும் இன்று வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் நிரப்புகிற அந்தத் தகவல் விண்ணப்பத்தின் முன்கதையில், கடற்கரைப் பூங்கா ஒன்றைக் காப்பாற்றப் போட்ட வழக்கும் இருக்கிறது.

ஆனால் கடலை யாரும் காப்பாற்றவில்லை. 2014 செப்டம்பரில் தொடங்கிய துறைமுக நகரத் திட்டம் வடமேற்கே 269 ஹெக்டேயர் கடலை மணலால் நிரப்பியது. 2019 தொடக்கத்தில் நிரப்பும் வேலை முடிந்தது. திடலின் வடக்குப் பாதியில் நின்றால் முன்பு தொடுவானம் தெரிந்த இடத்தில் இப்போது மணல்மேடும் கட்டடங்களும் தெரிகின்றன. வீதியின் மறுபக்கத்தில் இராணுவத் தலைமையகம் இருந்த காணி சங்ரி-லா ஹோட்டலாகவும் பெரிய அங்காடியாகவும் ஆகிவிட்டது. அந்த ஹோட்டல் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் இலக்குகளில் ஒன்று என்பதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை.

நூற்றைந்து நாட்கள்

2020 இல் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, ஜனாதிபதி செயலகத்துக்கு அருகில் ஒரு பகுதியை ஆர்ப்பாட்டக்காரர்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். பலகையும் நட்டார்கள். வீதியை மறிக்காமல் அங்கே நின்று கத்திவிட்டுப் போகட்டும் என்பது எண்ணமாக இருக்கலாம். 2022 ஏப்ரல் 9 இல் மக்கள் அந்த இடத்துக்கே வந்து, போகாமல் தங்கிவிட்டார்கள்.

'கோட்டா கோ கம' பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. இங்கே பூங்கா என்ற கோணத்திலிருந்து மட்டும் ஒன்று. அரசு ஒன்றரை நூற்றாண்டாகச் செய்யாத வசதிகளை அந்த மக்கள் சில நாட்களில் செய்தார்கள். நிழலுக்குக் கூடாரம், இலவச உணவுக் கூடம், முதலுதவி நிலையம், நூலகம், பிள்ளைகளுக்குப் பாட இடம், நடமாடும் கழிப்பறை. நோன்புக் காலத்தில் இப்தார். சித்திரைப் புத்தாண்டுக்குப் பாற்சோறு. தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. மே 9 இல் அலரி மாளிகையிலிருந்து வந்த ஆளும் கட்சி ஆதரவாளர்கள் கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். அன்று தொலைக்காட்சியில் ஓடிய காட்சிகளைப் பார்த்த முதிய தமிழர்கள் பலருக்கு 1956 நினைவுக்கு வந்திருக்கும். அதே புல்தரை, அடிக்கும் கும்பல், முதலில் பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸ்.

ஒன்பது நாட்கள் கழித்து, மே 18 இல், அங்கே முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. மலர் வைத்தார்கள், விளக்கேற்றினார்கள், கஞ்சி பரிமாறினார்கள். சிங்கள இளைஞர்களும் மதகுருமாரும் அதில் நின்றார்கள். அது போராட்டத்திலிருந்த எல்லோரும் ஏற்றுக்கொண்ட நிகழ்வு என்று சொல்வது மிகையாகும். தமிழர் பகுதிகளிலும் 'இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள்' என்ற கேள்வி இருந்தது, அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. இருந்தாலும் 2009 இல் வெற்றி அணிவகுப்பு போன வீதியின் ஓரத்திலேயே அந்தக் கஞ்சி பகிரப்பட்டது என்பது சின்ன விடயம் அல்ல.

ஜூலை 14 இல் கோட்டாபய பதவி விலகினார். ஜூலை 20 இல் கோட்டை நீதவான் நீதிமன்றம், பண்டாரநாயக்க சிலையிலிருந்து 50 மீற்றர் சுற்றளவுக்குள் யாரும் கூடக் கூடாது என்று உத்தரவிட்டது. ஜூலை 22 அதிகாலை இருட்டில் படையினரும் பொலிஸாரும் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கினார்கள். ஏப்ரல் 9 இலிருந்து எண்ணினால் அது நூற்றைந்தாவது நாள். அந்தக் காலத்தில் பிறப்பிக்கப்பட்ட அவசரகால விதிகள் அடிப்படை உரிமைகளை மீறின என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது.

அடக்குமுறைக்குப் பின் வந்தது 'அழகுபடுத்தல்'. திடலை மக்களின் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டும் என்று ஒதுக்க 2023 இல் அமைச்சரவை தீர்மானித்தது. கூட்டங்களுக்கு இடமில்லை என்றானது. புல்லைக் காப்பாற்றுவது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அதே 2023 இலும் 2024 இலும் சுதந்திர தின இராணுவ அணிவகுப்பு அங்கேதான் நடந்தது. பூட்ஸ் கால்களும் கவச வாகனங்களும் புல்லுக்கு என்ன நன்மை செய்யும் என்று எந்த அமைச்சரும் விளக்கவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு

நுழைவுக் கட்டணம் இல்லை, வாயிலும் இல்லை, எந்த நேரமும் போகலாம். காலி வீதி பஸ் எதிலும் வந்து இறங்கலாம். ரயிலில் வருகிறவர்களுக்கு கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி நிலையங்களிலிருந்து நடக்கும் தூரம். பகல் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் பிள்ளைகளுடன் போவது புத்தியல்ல. நிழலே இல்லை. அந்த நேரத்தில் திடலில் இருப்பவர்கள் காதலர்கள்தான், அவர்கள் குடையுடன் வருவார்கள், குடை வெயிலுக்கு மட்டுமல்ல.

மாலை ஐந்தரைக்குப் போனால் எல்லாம் கிடைக்கும். ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே மறைகிறது. பெரிய கம்பத்தில் தேசியக் கொடி இறக்குவதைப் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பட்டம் விடுவோர் திடலை நிறைத்துவிடுவார்கள். பட்டம் அங்கேயே வாங்கலாம், விலை கேட்டு ஒரு தடவை நடப்பது போலப் பாவனை செய்தால் குறையும். வல்வெட்டித்துறைப் பட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

சாப்பாடுதான் திடலின் உண்மையான வசதி. இஸ்ஸோ வடை என்று கேட்டால், பருப்பு வடையின் மேல் முழு இறால்களைப் பதித்துப் பொரித்து, வெங்காயமும் காரச் சாறும் ஊற்றித் தருவார்கள். தலையுடன் இருக்கும் இறாலைக் கண்டு தயங்கத் தேவையில்லை, மொறுமொறுப்பே அதில்தான். அது தவிர நண்டு வடை, உப்பும் தூளும் போட்ட மாங்காயும் அன்னாசியும், மரவள்ளிப் பொரியல், அவித்த கடலை. தெற்குப் பக்கத்துக் கடைகளில் இரவு கொத்து ரொட்டித் தகடு அடிபடும் சத்தம் ஓயாது. சைவ உணவுக்காரர்கள் எண்ணெய்ச் சட்டி ஒன்றே என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடலில் இறங்குவது வேறு கதை. கரையிலிருந்து நீளும் சிறிய பாலத்தில் நின்று அலையை ரசிக்கலாம். படிகளில் கால் நனைக்கலாம். குளிக்கக் கூடாது. அடிநீரோட்டம் வலியது, பருவக்காற்றுக் காலத்தில் அலை நடைபாதைச் சுவரையே தாண்டி அடிக்கும். எச்சரிக்கைப் பலகையை மதிப்பது நல்லது.

குறைகளும் வெளிப்படை. மழைக்கு ஒதுங்க ஓர் இடமில்லை. போயா தினங்களிலும் விடுமுறைகளிலும் வரும் கூட்டத்துக்குக் கழிப்பறைகள் போதாது, பெண்களுக்கு இது பெரிய தொல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் நடைபாதையில் ஓடலாம், புல்தரைக்குப் போக மற்றவரின் கை வேண்டும். உப்புக்காற்றிலும் மிதிபாட்டிலும் புல் அடிக்கடி செத்து மண் தெரியும், மறுபடி பதிப்பார்கள், மறுபடி சாகும். வார்ட்டின் கல்லில் பொறித்திருப்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் வாசிக்க ஒரு பலகை வைப்பதற்குப் பெரிய செலவாகாது. அதற்குப் பக்கத்தில் 1956 ஜூன் 5 ஐயும் எழுதலாம். இடம் தாராளமாக இருக்கிறது.